எள்ளினுள் எண்ணெயும் கல்லினுள் எண்ணெயும்

1853ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே விசித்திரமான வழக்கொன்று விசாரணைக்கு வந்தது. கொலை வழக்கன்று; களவு வழக்கும் அன்று. ஒரு கல்லுக்குப் பெயர் யாது என்பதே வழக்கு.

பாத்கேற் என்னும் ஊரையடுத்த தோர்பேன்ஹில் நிலத்துக்கு உரியவரான கில்லெஸ்பி குடும்பத்தார், அந்நிலத்தின் கீழுள்ள நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணக்கல், தீக்களி ஆகியவற்றை அகழ்ந்தெடுக்கும் உரிமையை 1850ஆம் ஆண்டில் இரசல் என்னும் சுரங்க வணிகர்க்குக் குத்தகையாக வழங்கியிருந்தனர். அகழ்ந்தவிடத்துக் கபிலநிறக் கல்லொன்று வெளிப்பட்டது. அதனை மூடிய கலத்திலிட்டுச் சூடேற்ற, வாயுவும் எண்ணெயும் பெருகின. யேம்ஸ் யங் என்னும் இரசாயனவியலார், இத்தகைய கற்களை மெல்லிய வெப்பத்தால் வடிக்கும் முறைக்கு அதே 1850இற் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டிலே பாத்கேற்றில் ஆலை நிறுவிப் பரபின் எண்ணெய் எடுக்கலானார். கல்லுக்கு விலை ஏறிற்று. ஏறவே, நிலத்துக்குரியார் விழித்துக்கொண்டனர். "இக்கல் நிலக்கரியன்று, ஆதலின் குத்தகையுள் அடங்காது" என்றனர். "நிலக்கரியே" என்றனர் குத்தகையாளர். 10,000 பவுண் நட்டஈடு கோரப்பட்டது. புவிச்சரிதவியலாரும், இரசாயனவியலாரும், நுணுக்குக்காட்டி கொண்டு கல்லைச் சோதித்தோரும் இரு பக்கமும் அணிவகுத்து நின்று ஒருவரையொருவர் மறுத்துச் சான்று பகர்ந்தனர். கற்றோர் ஒன்றுபடாதவிடத்து, குத்தகைப் பத்திரத்திலுள்ள ஒரு சொல்லின் பொருளை யூரரே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் குத்தகையாளர் பக்கந் தீர்ப்பளித்தனர். கல் நிலக்கரியாயிற்று! பிற்காலத்தார் அதற்குத் தோர்பனைற்று என்று தனிப்பெயரிட்டனர். எனினும் அதனை நிலக்கரி வகையில் வைப்பதா, எண்ணெய்க்கல் வகையில் வைப்பதா என்பதில் நூலாசிரியரிடையே இன்றும் வேறுபாடு உண்டு.

இவ்வழக்கை ஈண்டு எடுத்துக் கூறியதற்குக் காரணம் உளது. கல்லினுள்ளும் மணலினுள்ளும் அடங்கிக் கிடக்கும் எண்ணெய், வாயு ஆகியவற்றைப் பற்றிய கணக்கு எதுவும் பெயரிடுதலிலேயே தொடங்குகின்றது. ஒரு கல்லை எவ்வினத்திற் சேர்ப்பது, ஓர் அளவை எந்நிரலில் எழுதுவது என்பன தீர்ந்த பின்னரே எண்கள் பிறக்கின்றன. எண்ணை மட்டுங் கண்டு, அது எந்நிரலிலிருந்து வந்தது என்று வினவாதார் ஏமாற்றமடைவர். புவியியற் பாடத்திலே நாடுகளின் எண்ணெய் இருப்பு அட்டவணையை மாணாக்கரைக் கொண்டு மனனஞ் செய்வித்த குற்றம் இக்கட்டுரையாளனுக்கும் உண்டு. ஒரு நாட்டின் மலையின் உயரத்தைப் போல, ஆற்றின் நீளத்தைப் போல, அந்நாட்டின் எண்ணெய் இருப்பும் இயற்கை வகுத்த ஓர் அளவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது அவ்வாறன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எள்ளினுள் எண்ணெய் உண்டென்பது நம்முன்னோர்க்குத் தத்துவ விளக்கத்துக்குரிய உவமையாயிற்று. வாணியருக்கோ அது வேறு மூன்று வினாக்களாம். இவ்வெள்ளில் உள்ள எண்ணெய் முழுவதும் எவ்வளவு? நம் செக்கிலிட்டு ஆட்டினால் அதில் எவ்வளவு வெளிவரும்? எள்ளின் விலையும் மாட்டின் தீனும் ஆளின் கூலியும் போக, ஆட்டுவதால் ஆதாயம் உண்டா? முதல் வினாவுக்கு விடையாவது நிலத்தில் உள்ள அளவு. இரண்டாவதற்கு விடையாவது தொழினுட்பத்தால் மீட்கத்தக்க அளவு. மூன்று வினாவுக்கும் ஒருங்கே தேறி நிற்பதே இருப்பு என்னும் பெயர்க்குரியது. முதலளவு புவியினுடையது. இரண்டாவது கருவியோடு மாறும். மூன்றாவது சந்தையோடும் சட்டத்தோடும் நாள்தோறும் மாறும். இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியதனால் நேர்ந்த விளைவுகள் பல. அவற்றுட் சிலவே இங்கு சொல்லப்படும்.

மரபுவழி எண்ணெய் வயலுக்கும் மரபுசாரா வளத்துக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். களிமண் இறுகிய மாக்கற் படைகளிலே அடைபட்ட உயிர்ப்பொருள், நிலத்தின் வெப்பத்தால் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகின்றது. அதன் ஒரு பகுதி மேல்நோக்கி நகர்ந்து, நுண்டுளை மிக்க மணற்கல்லையோ சுண்ணக்கல்லையோ அடைந்து, மேலே மூடியதொரு கடும்பாறையால் தடுக்கப்பட்டுத் தேங்கி நிற்கும். இது குளத்து நீர் போன்றது. இதற்குக் கரை உண்டு; கீழே நீரோடு சந்திக்கும் எல்லை உண்டு. பரப்பையும் தடிப்பையும் நுண்டுளையின் வீதத்தையும் அளந்து பெருக்கினால் ஒரு கணக்கு வரும். அமுக்கம் குறைவதைக் கொண்டு அதனைச் சரிபார்க்கவும் முடியும். நகராது பிறந்த கல்லிலேயே தங்கிவிட்ட வாயுவும் எண்ணெயும், வெப்பம் போதாமையால் எண்ணெயாக மாறாமலே நின்ற கெரோசன் என்னும் பொருளும், மேற்பரப்பை அடுத்து நுண்ணுயிர்களால் உண்ணப்பட்டுத் தாராகத் தடித்துப்போன எண்ணெயும் மரபுசாரா வளங்களாம். இவற்றுக்குக் கரையில்லை. பல மாவட்டங்களின் கீழ்ப் பரந்து கிடக்கும். எங்கே தோண்டினும் சிறிது உண்டு. எங்கே தோண்டினும் ஆதாயம் உண்டு என்பதற்கில்லை. ஆகவே இங்கு வினா "உண்டா, இல்லையா" என்பதன்று; "எடுக்க இயலுமா, எடுத்தால் கட்டுமா" என்பதே.

யேம்ஸ் யங்கின் காப்புரிமை 1864இல் முடிவுற்றபின், ஸ்கொத்லாந்திற் பலர் அத்தொழிலிற் புகுந்தனர். தோர்பேன்ஹில் கல் அருகிப்போகவே மாக்கல்லை நாடினர். 1913ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சந் தொன்னுக்கு மேற்பட்ட மாக்கல் அகழப்பட்டது. கெரோசன் என்ற சொல்லே அந்நாட்டு மாக்கல்லை ஆராய்ந்தவிடத்துப் பிறந்ததாகும். பின்னர், கப்பலில் வந்திறங்கிய மலிந்த எண்ணெயோடு போட்டியிட மாட்டாது தொழில் மெலிந்து, 1962இல் அடியோடு நின்றது. கல்லில் எண்ணெய் தீர்ந்ததனாலன்று, கணக்குக் கட்டாமையால்.

இதே கதை அமெரிக்காவிலே பன்மடங்கு பெரிதாக நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சார்ந்த டேவிட் டே என்பார், 1909இல் வெளிவந்த அறிக்கையிலே, அந்நாட்டு எண்ணெய் மொத்தம் 1,000 கோடி முதல் 2,450 கோடிப் பீப்பாய் வரை இருக்கலாம் என மதித்தார். முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில், எண்ணெய் இன்னுஞ் சில ஆண்டுகளிற் குன்றத் தொடங்கும் என்ற அச்சம் அறிஞரிடையே பரவியிருந்தது. அவ்வச்சத்தினிடையேதான் கொலறாடோ, யூற்றா, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களிற் பரந்த பச்சையாற்று மாக்கற்படை அரசினரின் கண்ணுக்கு நிதிக்குவையாகத் தோன்றிற்று. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த ஏரிகளின் அடியிற் படிந்த கல் அது. கடற்படைக்கென மாக்கல் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அளவையாளர் மலைச்சரிவுகளிலிருந்து கல் பெயர்த்துச் சிறு உலையிலிட்டு, தொன் ஒன்றுக்கு எத்தனை கலன் எண்ணெய் என்று எழுதிவந்தனர். கலன்களைத் தொன்களாற் பெருக்கியவிடத்து, உலகம் அதுகாறும் கண்டிராத பேரெண்கள் வெளிப்பட்டன. கும்பனிகள் முளைத்தன, பங்குகள் விற்கப்பட்டன. 1930ஆம் ஆண்டு ஒற்றோபரிலே கிழக்கு ரெக்சாசிற் பெருவயலொன்று வெளிப்பட, அடுத்த ஆண்டில் அங்கே பீப்பாய் ஒன்று பத்துச் சதத்துக்கும் விலைப்பட்டது. மாக்கற் கனவு அதனோடு கலைந்தது. கொலறாடோவின் மலைகளிலிருந்து ஒரு துளி எண்ணெயும் குறையவில்லை. குறைந்தது பெயர்தான்.

கலைந்த கனவு மீண்டும் வந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடையும் 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியும் விலையை வானளாவ ஏற்றின. 1980இல் எக்சொன் நிறுவனத்தார், 2010ஆம் ஆண்டளவில் மாக்கல்லிலிருந்து நாளொன்றுக்கு 80 இலட்சம் பீப்பாய் எடுக்கலாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டனர். கொலனி என்னும் பெருந்திட்டம் தொடங்கிற்று. தொழிலாளர் குடியிருக்கப் புதிய ஊர் எழுந்தது. விலை விழத் தொடங்கியதும், 1982 மே மாதம் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திட்டம் கைவிடப்பட்டதென அறிவித்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். அந்நாளை அப்பகுதியார் இன்றும் கறுப்பு ஞாயிறு என்றே வழங்குவர். கடன்பட்டு வீடு வாங்கியோரும், கடை திறந்தோரும், அவ்வூர்களின் வங்கிகளும் ஒருங்கே வீழ்ந்தனர். மலைக்குள்ளே கோடானுகோடிப் பீப்பாய் கிடக்கின்றது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட உண்மை, பொய்யன்று. அது எந்நிரலிலுள்ள உண்மை என்பதே சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் மேற்கூறிய அளவைத் திணைக்களம் அப்படைகளை மீண்டும் ஆராய்ந்து, கொலறாடோவின் பீசான்சு வடிநிலத்தில் மட்டும் 1.5 இலட்சங் கோடிப் பீப்பாய் நிலத்தில் உள்ள அளவாகும் என்று கூறியது. அதனோடு, மீட்கத்தக்க அளவு எதனையும் தாம் மதிப்பிடவில்லை என்பதையும் தெளிவாகக் குறித்தது. இவ்விரண்டாம் வாக்கியம் பத்திரிகைகளின் தலைப்புக்கு ஏறுவதில்லை.

இம்மயக்கத்தைத் தீர்க்க முறையானதொரு சட்டகம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் வின்சென்ற் மக்கெல்வி. அத்திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த அவர், 1972இல் வெளியிட்ட கட்டுரையிலே வளங்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் வரைந்து காட்டினார். கிடைநிலையில், உண்டென்னும் அறிவின் உறுதி. நிலைக்குத்தில், எடுப்பதனால் வரும் ஆதாயம். இரண்டும் நிறைந்த ஒரு மூலையே இருப்பு. எஞ்சிய பரப்பு முழுவதும் வளம் மட்டுமே. புதிதாகக் கண்டறிதலால் ஒரு பண்டம் ஒரு திசையில் நகரும். விலையேற்றத்தாலும் புதுக் கருவியாலும் மறு திசையில் நகரும். விலை வீழ்ந்தால் வந்த வழியே திரும்பும். ஓர் எளிய படந்தான். ஆயினும் இருப்பு என்பது அசையாப் பொருளன்று, அசைந்துகொண்டேயிருக்கும் எல்லைக்கோடு என்பதை அதற்கு முன் எவரும் அத்துணைத் தெளிவாகக் காட்டியதை யான் அறியேன்.

எண்ணெய்ப் பொறியியலாளரின் சங்கங்கள் இக்கருத்தை விரித்து 1997, 2000, 2007, 2018 ஆகிய ஆண்டுகளிற் பொது விதிகளை வகுத்தன. அவற்றின்படி, வெளிப்பட்டு, எடுக்கத் துணிந்து திட்டமிட்டவையே இருப்பு. அதனுள்ளும் மூன்று படிகள் உள. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்பத்தக்க குறைந்த அளவு நிரூபிக்கப்பட்டது. அதனோடு நிகழத்தக்கதைச் சேர்த்த அளவை மிஞ்சுதற்கும் எட்டாமற் போதற்கும் வாய்ப்புச் சமம். இயலத்தக்கதையுஞ் சேர்த்தால் பத்தில் ஒரு வாய்ப்பே எஞ்சும். வெளிப்பட்டும் ஏதோவொரு தடையால் எடுக்கத் துணியப்படாதவை நிபந்தனைக்குட்பட்ட வளம். இதனை விளக்க நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. மன்னார்க் கடற்படுகையிலே 2011ஆம் ஆண்டிற் கெயின் நிறுவனத்தார் தோண்டிய டொறாடோ, பரக்கூடா என்னுங் கிணறுகளில் இயற்கைவாயு வெளிப்பட்டது. 2015இல் அந்நிறுவனம் விலகிற்று. அது மரபுவழி வாயுவே. எனினும் கண்டறிதல் வேறு, இருப்பாதல் வேறு என்பதற்கு அதுவே போதிய சான்று. வெளிப்படாது ஊகத்தால் மட்டுங் கருதப்படுபவை மூன்றாம் இனம். வயலில் நிற்கும் கதிர், போரிலுள்ள கதிர், பொலியாகக் களத்திற் கிடக்கும் நெல் ஆகிய மூன்றையும் எந்தக் கமக்காரனும் ஒரே மரைக்காலால் அளப்பதில்லை அன்றோ?

இனி, பெயர்மாற்றம் ஒரு நாட்டையே உயர்த்திய வரலாற்றைக் காண்போம். கனடாவின் அத்தபாஸ்கா ஆற்றங்கரையிலே மணலோடு தார் கலந்து வழிவதை அலெக்சாண்டர் மக்கென்சி என்னும் வழிகாண் பயணி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் குறித்துள்ளார்; அந்நிலத்துப் பழங்குடியினர் அதனை மரப்பிசினோடு சேர்த்துத் தோணிகளின் பொருத்துகளை அடைத்தனர். 1920களிலே கால் கிளாக் என்னும் ஆய்வாளர், வெந்நீரால் தாரையும் மணலையும் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1967இல் முதற் பேராலை இயங்கலாயிற்று. பூமியை ஆழத் தோண்டாமலே காணத்தக்க இத்தார்மணலிலே ஒன்றரை இலட்சங் கோடிக்கு மேற்பட்ட பீப்பாய் உண்டு என்பது முன்னரே தெரிந்த செய்தி. எனினும் உலக அட்டவணைகளில் அது இடம்பெறவில்லை. 2002ஆம் ஆண்டு திசெம்பரில், எண்ணெய்த் தொழிலாரிடையே மதிப்புப் பெற்ற வார வெளியீடொன்று, கனடாவின் இருப்பை 490 கோடிப் பீப்பாயிலிருந்து 18,000 கோடிப் பீப்பாயாகத் திருத்தி எழுதிற்று. மறுநாட் காலையிற் கனடா, சவூதி அரேபியாவுக்கு அடுத்த இடத்தில் நின்றது. எந்தக் கிணறும் அவ்விரவில் தோண்டப்படவில்லை. இதனைக் கேலியாகச் சொல்கிறேனல்லன். பிரித்தெடுக்கும் செலவு குறைந்து, நீராவி செலுத்தித் தாரை இளக்கி உறிஞ்சும் முறையும் தேறியிருந்தமையால், அம்மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் முந்திய 490 கோடியும் பிந்திய 18,000 கோடியும் ஒரே நாட்டு நிலத்தைப் பற்றிய எண்கள் என்பதை மறத்தலாகாது.

நியூயோர்க்கிற் பங்கு விற்கும் கும்பனிகளுக்கு இக்கணக்கு சட்டத்தின் பாற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு, நிரூபிக்கப்பட்ட இருப்பை மட்டுமே முதலீட்டாளர்க்குக் காட்டலாம் என நெடுங்காலம் விதித்திருந்தது. அதன் பழைய விதியின்படி, தார்மணலை அகழ்ந்தெடுத்தல் சுரங்கத் தொழிலேயன்றி எண்ணெய்த் தொழிலன்று. ஆதலால் அகழப்படும் தாரிலிருந்து வரும் எண்ணெய் எண்ணெய் இருப்பாகாது! தோர்பேன்ஹில் வழக்கின் எதிரொலி ஈண்டும் கேட்கின்றது. 2004 சனவரியில் றோயல் டச்சு ஷெல் நிறுவனம், தான் நிரூபிக்கப்பட்டதாகக் காட்டிய இருப்பில் ஐந்திலொரு பங்கை, அதாவது 390 கோடிப் பீப்பாய்க்கு நிகரானதை, அந்நிரலிலிருந்து அகற்றியது. அவற்றுட் பெரும்பாலானவை இல்லாதவையல்ல, அப்பெயர்க்குத் தகுதிபெறாதவை. தலைவர் பதவி விலகினார். இரு நாட்டு ஆணையங்களும் தண்டம் விதித்தன.

2008இன் இறுதியில் ஆணைக்குழு தன் விதிகளைத் திருத்திற்று. தார்மணலும் மாக்கல்லும் எண்ணெய் வளமாக ஏற்கப்பட்டன. நம்பத்தக்க தொழினுட்பச் சான்று இருப்பின், ஓடும் கிணற்றை அடுத்த நிலத்துக்கு அப்பாலும் இருப்பு எழுதலாம் என்றாயிற்று. தோண்டாத கிணறுகளை ஐந்தாண்டுக்குள் தோண்டவேண்டும் என்பதும், ஆண்டிறுதி விலைக்குப் பதிலாகப் பன்னிரு மாதச் சராசரி விலையையே கொள்ளவேண்டும் என்பதும் விதிகளாயின. இதன் விளைவைக் காண்க. அல்பேற்றாவிலுள்ள கேள் என்னும் தார்மணற் சுரங்கத்திலே, 2016ஆம் ஆண்டின் தாழ்ந்த விலையைக் கொண்டு கணித்தபோது ஏறத்தாழ 350 கோடிப் பீப்பாய் நிரூபிக்கப்பட்ட நிரலிலிருந்து நீங்கிற்று. விலை ஏறியபின் மீண்டும் ஏறிற்று. கொள்ளைநோய் பரவிய 2020இல் விலை வீழ மறுபடியும் நீங்கிற்று. இவ்வாண்டுகளிலெல்லாம் சுரங்கத்தில் மண்வாரிகள் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தன. இல்லையென எழுதப்பட்ட எண்ணெயே நாள்தோறும் குழாய்வழி சென்றுகொண்டிருந்தது.

மாக்கல் வாயுவின் கணக்கு இவையெல்லாவற்றினும் சிக்கலானது. மாக்கல்லிலிருந்து வாயு வரும் என்பது புதிய செய்தியன்று. நியூயோர்க் மாநிலத்துப் பிரடோனியா என்னும் சிற்றூரில் 1821இலேயே அவ்வாயுவாற் விளக்கேற்றினர். புதியது, கிடையாகத் துளைத்து, நீரின் அழுத்தத்தாற் கல்லைப் பிளந்து, மணல்புகுத்தி அப்பிளவை மூடாது நிறுத்தும் முறை. ரெக்சாசின் பாணற் மாக்கல்லிலே யோர்ச் மிற்செல் என்பாரின் நிறுவனம் 1981 முதல் விடாது முயன்று, 1990களின் இறுதியில் மலிவான நீர்க்கலவையால் வெற்றி கண்டது. பிறகு கிணறுகள் ஆயிரக்கணக்கிற் பெருகின.

ஆனால் ஒரு கிணறு தன் வாழ்நாளில் எவ்வளவு தரும் என்பதை எவ்வாறு அறிவது? குளத்துக் கணக்கு இங்கு உதவாது. முதல் ஆண்டிலேயே பாய்ச்சல் அரைவாசிக்கு மேல் வீழ்ந்துவிடும். பின்னர் வீழ்ச்சி மெல்ல மெல்லத் தணியும். 1945ஆம் ஆண்டில் ஆப்ஸ் என்னும் பொறியியலார், கிணறுகளின் வீழ்ச்சியை வளைகோடாக வரைந்து எதிர்காலத்துக்கு நீட்டும் சூத்திரமொன்றை வகுத்திருந்தார். அதில் ஓர் அடுக்கெண் உண்டு. மரபுவழிக் கிணறுகளுக்கு அது சூனியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டது. மாக்கற் கிணற்றின் முதலிரண்டாண்டு அளவுகளை அதே சூத்திரத்திற் பொருத்தினாலோ அது ஒன்றை மிஞ்சும். மிஞ்சியதை அவ்வாறே காலமெல்லாம் நீட்டினால், ஒரு கிணறு முடிவிலி அளவு வாயு தரும் என்று விடை வரும்! இவ்வபத்தத்தைத் தடுக்க, ஒரு கட்டத்துக்கு மேல் வீழ்ச்சி விகிதம் குறையாது என ஓர் எல்லையைக் கணிப்போர் தாமே வைக்கின்றனர். அவ்வெல்லையை எங்கே வைப்பது என்பது அவரவர் தீர்மானம். இரண்டாண்டுச் சான்றைக் கொண்டு முப்பதாண்டுக் கணக்கு எழுதும்போது, அத்தீர்மானம் இலட்சங்களைக் கோடிகளாக்கவும் கோடிகளை இலட்சங்களாக்கவும் வல்லது. ஒரு கிணற்றின் பிழை ஒரு மாகாணத்தின் பரப்பாற் பெருக்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

பிழை எப்போதும் மிகையாகவே நேரும் என்று கூறுதலும் நியாயமன்று. பென்சில்வேனியாவை உள்ளடக்கிய மாசெலஸ் மாக்கற்படையில், வெளிப்படாத, ஆயின் மீட்கத்தக்க வாயு ஏறத்தாழ 2 இலட்சங் கோடிக் கன அடி என 2002இல் அளவைத் திணைக்களம் கூறிற்று. 2011இல் அதே திணைக்களம் அதனை 84 இலட்சங் கோடியாக உயர்த்தியது. அதே ஆண்டில் மற்றோர் அரச அமைப்பாகிய சக்தித் தகவல் நிருவாகம் 410 இலட்சங் கோடி என்றது; மறு ஆண்டில் 141 என்று குறைத்தது. ஒரே கல், ஒரே அரசு. வினா வெவ்வேறு, சான்று வெவ்வேறு, விடையும் வெவ்வேறு. முதற்கணக்குச் சிறுமைக்கும் காரணம் உண்டு: 2002இல் அங்கே கிடைக்கிணறுகள் தோன்றியிருக்கவில்லை.

கலிபோர்னியாவின் மொன்றறே மாக்கல்லின் கதை நேர்மாறு. 2011இல் அதிலிருந்து 1,540 கோடிப் பீப்பாய் மீட்கலாம் என ஓர் அறிக்கை கூறிற்று. அதனைக் கொண்டு, 28 இலட்சம் வரையான வேலைகள் பிறக்கும் என 2013இற் பல்கலைக்கழக ஆய்வொன்று மதித்தது. 2014 மே மாதத்திற் சக்தித் தகவல் நிருவாகம் தன் மதிப்பை 1,370 கோடியிலிருந்து 60 கோடியாகக் குறைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு மறைந்தது. நிலநடுக்கத்தால் மடிந்தும் முறிந்தும் கிடக்கும் கல்லை, படுக்கையாய்க் கிடக்கும் கல்லைப் போலக் கருதிச் சராசரி எடுத்ததே பிழை. அடுத்த ஆண்டில் அளவைத் திணைக்களம், சான் யோவாக்கின் வடிநிலத்து மொன்றறே மாக்கல்லுக்கு மட்டும் மதிப்பிட்டது 2.1 கோடிப் பீப்பாயே.

போலந்து நாட்டார் பட்ட ஏமாற்றம் இதனினும் வருந்தத்தக்கது. இரசியாவின் வாயுவையே நம்பியிருந்த அந்நாட்டுக்கு 187 இலட்சங் கோடிக் கன அடி மாக்கல் வாயு உண்டென 2011இல் அமெரிக்க அறிக்கை கூறியபோது, அது அளவாகத் தோன்றவில்லை, விடுதலையாகத் தோன்றிற்று. 2012 மார்ச்சில் போலந்தின் சொந்தப் புவிச்சரிதவியல் நிறுவனம், பழைய கிணறுகளின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து, மிக நிகழத்தக்க அளவு 12 முதல் 27 இலட்சங் கோடி வரையே என்றது. பிறநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் துளைத்துப் பார்த்தன. களிமிகுந்த கல் எதிர்பார்த்தவாறு பிளந்து வாயு தரவில்லை. 2012இல் எக்சொன்மோபில் நீங்கிற்று. 2015இல் செவ்ரோனும் கொனொக்கோபிலிப்சும் நீங்கின. வாணிகமுறையில் வாயு எடுக்கப்படவேயில்லை. தன் நாட்டு மக்களின் பெருவிருப்புக்கு எதிராகச் சிறிய எண்ணை வெளியிட்ட அந்நிறுவனத்தாரின் நேர்மையை நாம் மதித்தல் வேண்டும். பெரிய எண்ணைச் சொல்வதற்குத் துணிவு தேவையில்லை.

நிறைவாக, தொடங்கிய இடத்துக்கே மீள்வோம். பாத்கேற் ஊரைச் சூழ மாக்கற் சாம்பலாலான செந்நிறக் குன்றுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுட் சில தொல்பொருட் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அக்குன்றுகளை உள்ளடக்கிய ஸ்கொத்லாந்து இடைப்பள்ளத்தாக்கின் ஆழ்ந்த மாக்கற்படைகளை, 2014இல் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் ஆராய்ந்தது. வாயு 80 இலட்சங் கோடிக் கன அடி, எண்ணெய் 600 கோடிப் பீப்பாய் என்பன அதன் நடுமதிப்புகள். இரண்டும் நிலத்தில் உள்ள அளவுகளே. எடுக்கத்தக்க அளவைக் கூறுதற்குப் போதிய கிணறுகள் இல்லையென அத்திணைக்களம் அந்நிரலை வெறுமையாகவே விட்டது. 2015 சனவரியில் ஸ்கொத்லாந்து அரசு பாறைபிளக்கும் முறைக்குத் தடையுத்தரவிட்டது. 2017இல் அதனை ஆதரிப்பதில்லை என்பதைக் கொள்கையாக அறிவித்தது. இங்கிலாந்திலும் 2019இல் தடை வந்து, 2022 செத்தெம்பரில் நீங்கி, ஒற்றோபரில் மீண்டும் வந்தது. 1853இற் பன்னிரு யூரர் அமர்ந்து பெயரிட்ட கல்லின் அண்டைப் படைகள், இருப்பு என்னும் நிரலில் ஓரெண்ணும் எழுதப்படாமலே கிடக்கின்றன.